தறி ஓடாத நாள்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சங்கரி எழுதுவது. இங்கே நானும் லோகேஷும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்கிறோம். கோத்தகிரிக் குளிரில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே சண்டை வருகிறது, இனி கடிதம் எழுதுவோம் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஒரு தாள் நான்கு நாள் பயணம் செய்து உன் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதைக் குமரகுருவால் நம்பவே முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதுவும் ஒரு பாடம்தான்.

பள்ளிகள் திறந்து ஒரு வாரம் ஆகிறது. நம் வீட்டில் யாரும் சீருடை போடவில்லை. போன வருஷம் முழுக்க நிறைமதிக்குக் காலை ஏழரை மணிக்கு வந்த வயிற்றுவலி இந்த வாரம் ஒரு நாளும் வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பாடம். மதியம் நான் கம்ப்யூட்டரில் சேலைக் கரை டிசைன் போடும் வேலை. நடுவில் சமையல். கால அட்டவணையை மூன்று நிறப் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எதிர்வீட்டுத் தில்லையம்மாள் நேற்று கேட்டார்: "இன்னா சங்கரி, ஊருப் பசங்கல்லாம் மூட்டையத் தூக்கிக்கினு போவுது, உன் பசங்க மட்டும் வாசல்ல கோலப் புள்ளி எண்ணிக்கினு கீதுங்க?"

"அது கணக்குப் பாடம்மா."

"அப்போ என் வாசல்லயும் வந்து ஒரு கணக்கு போடச் சொல்லு. எனக்குக் குனிய முடியல."

அடுத்த ஏப்ரலில் பிள்ளைகள் அவரவர் வகுப்புக்குரியதைப் படித்திருக்காவிட்டால் பள்ளிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது. என்னால் முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் காலையில் என்னை எழுப்பிவிடுகிறது.

ஒரு விதி வைத்திருக்கிறேன். கடிதத்தின் அடியில் நிறை சில வரிகள் எழுதுவாள். நான் படிக்கமாட்டேன், திருத்தமாட்டேன். மடித்து ஒட்டுவது அவள் பொறுப்பு.

உன் தங்கை,
சங்கரி

பெரியம்மா, நான் நிறை. உங்க ஸ்கூல்ல பெல் அடிக்கிறது யாரு? இங்க எங்களுக்கு குக்கர் விசில்தான் பெல்.


கோத்தகிரி
20.6.2025

சங்கரிக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. நீ எழுதாவிட்டாலும், சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

இருபத்தெட்டு வருஷமாக வகுப்பில் நிற்கிறவள் சொல்கிறேன். எனக்கு மதியச் சாப்பாட்டைச் சமைக்க ஆள் உண்டு, மணி அடித்தால் வீடு உண்டு. நீ வகுப்பு, சமையல், சம்பாத்தியம் மூன்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கிறாய். எது முதலில் நழுவுகிறது என்று பார்த்துக்கொண்டே இரு.

நான் கேட்பது ஒன்றுதான். பாட நேரத்தில் பிள்ளைகள் தறிக்கூடத்துக்குள் போகக் கூடாது.

நிறைக்கு: மணி அடிப்பது நான்தான் கண்ணு. தலைமை ஆசிரியை என்றால் அதுவும் வேலை.

அன்புடன்,
மஹாலட்சுமி


பிள்ளையார்பாளையம்
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

லோகேஷுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மற்றபடி நலம். அங்கே மழை விடாமல் பெய்கிறதாமே, துணி காய்கிறதா?

மூன்று நிறக் கால அட்டவணை எட்டாம் நாள் கிழிந்தது. குமரனுக்குப் பெருக்கல் சொல்லிக்கொண்டிருக்கும்போது பால் பொங்கும். பாலை இறக்கிவிட்டு வந்தால் நிறை வரலாற்றில் ஒரு கேள்வியோடு நிற்பாள். கூரம் கிராமத்தில் கிடைத்த பல்லவர் செப்பேட்டைப் பற்றிப் படித்துவிட்டு, "ஊருக்குக் குடுத்த நிலத்தை எதுக்கு செம்புல எழுதி வச்சாங்க? பேப்பர்ல எழுதினா பொய் சொல்லிடுவாங்களா?" என்கிறாள். எனக்கு பி.எஸ்ஸி. கணிதம்தான் தெரியும். அவள் தூங்கிய பிறகு நான் படிக்கிறேன். மறுநாள் அவள் வேறு கேள்விக்குப் போயிருக்கிறாள்.

களைப்பாக இருக்கிறது. ஆனால் நேற்று குமரன் இட்லித் தட்டைக் காட்டி, "ஒரு தட்டுல நாலு, அஞ்சு தட்டு, அப்போ இருபது. யாரும் சொல்லித் தரலை, நானே கண்டுபிடிச்சேன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி விடுவது?

தறிக்கூடத்துக்குள் ஏன் போகக் கூடாது என்று நீ எழுதவில்லையே. வீட்டில் பாதி தறிக்கூடம். அடுப்படிக்கே அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நிறை ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நம் குடும்பத்தில் யார், எந்த வருஷம், எந்த வகுப்பில் இருந்தார்கள் என்ற படம். உன் விவரத்தை எழுதி அனுப்பு.

சங்கரி

பெரியம்மா, ஒரு வருஷத்துக்கு ஒரு கட்டம். உங்களுக்குப் பச்சை கலர் வச்சிருக்கேன்.


கோத்தகிரி
2.8.2025

சங்கரிக்கு,

லோகேஷுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே துணி காயவில்லை, அடுப்பு மேல் கொடி கட்டியிருக்கிறேன்.

என் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நேரமும் சொல்லிக்கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. நிறை குமரனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், அவளுக்கும் தெளியும். தெரியாத கேள்வியை ஒரு டப்பாவில் எழுதிப் போடச் சொல். வெள்ளிக்கிழமை திற. பாதிக் கேள்விகளுக்கு அதற்குள் அவர்களே பதில் கண்டுபிடித்திருப்பார்கள். சமூக அறிவியலை ஒரு மாதம் நிறுத்தி வை, உலகம் நின்றுவிடாது.

நிறையின் படத்துக்கு: பிறந்தது 1972. ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது 1977 ஜூன். பத்தாம் வகுப்பு முடித்தது 1989. பிறகு ஆசிரியர் பயிற்சி.

மஹாலட்சுமி


பிள்ளையார்பாளையம்
25.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் டப்பா யோசனை பிரமாதம். முதல் வெள்ளி பதினேழு கேள்வி. அதில் ஒன்று, "அம்மா எப்போ சிரிப்பாங்க?" கையெழுத்தை மாற்றி எழுதியிருக்கிறான் திருட்டுப்பயல்.

உன் பச்சைக் கட்டங்களில் ஒரு சிக்கல். 1977-இல் ஒன்றாம் வகுப்பு என்றால் 1987-இல் பத்து முடிந்திருக்க வேண்டும் என்று நிறை எண்ணிக் காட்டுகிறாள். நீ 1989 என்று எழுதியிருக்கிறாய். நானும் எண்ணிப் பார்த்தேன், இரண்டு வருஷம் அதிகமாகத்தான் வருகிறது. "பெரியம்மா பெயிலா?" என்று கேட்டாள். நீயாவது, பெயிலாவதாவது! வருஷத்தை மாற்றி எழுதிவிட்டாயா?

இங்கே ஒரு சங்கடம். லோகேஷோடு கரை போட வந்துகொண்டிருந்த சிட்டிபாபு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். உனக்கே தெரியும், கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இடப்பக்கக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் இல்லாமல் தறி நகராது. ஐயம்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறோம். அதுவரை நிறை ஒரு மணி நேரம் உட்காருகிறாள். கரையில் பாதிப் பூ போட்டால் மறுபாதி தானாக அதன் கண்ணாடி பிம்பமாக வருவதைக் கையாலேயே பார்க்கிறாள். சமச்சீர்மையை இதைவிட யார் சொல்லித்தர முடியும்? உன் விதியை மீறிவிட்டேன் என்று தெரியும். கோபிக்காதே.

சங்கரி

பெரியம்மா, தப்பு உங்க பக்கமா என் பக்கமா? நான் மூணு தடவை எண்ணிட்டேன்.


பிள்ளையார்பாளையம்
30.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதத்துக்கு ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? தபாலில் தொலைந்திருக்குமோ என்று நிறை தபால்காரரை மூன்று முறை விசாரித்துவிட்டாள். "பாப்பா, நானே எழுதிக் குடுத்தாதான் உண்டு" என்கிறார் மனுஷர்.

இங்கே வேலை ஒரு வழிக்கு வந்திருக்கிறது. காலையில் இருவருக்கும் மொழிப்பாடம். பதினொன்றிலிருந்து ஒன்று வரை நிறை அப்பாவோடு இருக்கிறாள். அந்த நேரத்தில் குமரனை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லித்தர முடிகிறது, குழம்பும் அடிபிடிக்காமல் ஆகிறது. நேற்று பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அக்கா. ஜூனுக்குப் பிறகு முதல்முறையாக.

பதில் எழுது.

சங்கரி


கோத்தகிரி
20.10.2025

சங்கரிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து. பிள்ளைகளை மத்தாப்போடு நிறுத்து.

சிட்டிபாபு இடத்துக்கு ஆள் வந்தாயிற்றா? நிறை இப்போது எத்தனை மணி நேரம் தறியில் உட்காருகிறாள்?

மஹாலட்சுமி


பிள்ளையார்பாளையம்
12.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி நல்லபடியாகக் கழிந்தது. குமரனுக்குச் சளி, கஷாயம் கொடுத்து இப்போது தேவலை. உனக்குக் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளியை வெளியே எடுத்தாயா?

போன ஞாயிறு தென்னேரிக்குப் போனோம். ஏரி நிறைந்து அலை அடிக்கிறது. இவ்வளவு தண்ணீரை எப்படி அளப்பார்கள் என்று குமரன் கேட்டான். கரையில் ஒரு விவசாயி, "கண்ணால அளப்போம் தம்பி, அந்தக் கல்லு முழுகிச்சின்னா ரெண்டு போகம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தில் கல்லைப் போட்டு நாள் முழுக்க அளந்தான். தரையெல்லாம் ஈரம். தண்ணீர் எந்த வடிவப் பாத்திரத்திலும் ஒரே மட்டமாக நிற்பது ஏன் என்று அவனிடம் கேட்டேன். எனக்கே இப்போதுதான் அது ஆச்சரியமாக இருக்கிறது.

டிசைன் வேலை இரண்டு புதிதாக வந்திருக்கிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

சங்கரி

பெரியம்மா, அம்மா எழுத மறந்துட்டாங்கன்னு நினைக்கிறேன். நான் காலைல பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும், அப்புறம் சாப்பிட்டுட்டு கொஞ்ச நேரம். ஒரு சேலை முழுசா முடிச்சிட்டோம். அப்பா எனக்கு வளையல் வாங்கித் தந்தாரு. கேள்வி டப்பாவுல நான் ஒண்ணும் போடறதில்ல. கணக்கு நோட்டு செப்டம்பர்ல வாங்கினது, இன்னும் புது வாசனையே போகல.


பிள்ளையார்பாளையம்
22.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட மறந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ நன்றாக இருக்கிறாயா?

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வாசலில் ஒரு அம்மா. சங்கீதா என்று பெயர், கழுத்தில் அடையாள அட்டை. பள்ளி செல்லாத பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறார்களாம். நெசவு வீட்டில் பள்ளி நேரத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் யாருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும், அது எனக்கும் புரிகிறது.

தில்லையம்மாள் எதிர்வாசலில் இருந்தே, "அந்தப் பசங்கள இன்னாத்துக்குமா கேக்குறீங்க, அதுங்க என் கோலத்தையே கணக்குப் பரிட்சை வச்சி பெயிலாக்குதுங்க" என்று கத்தினார். வந்த அம்மா சிரித்துவிட்டார்.

உள்ளே வந்தார். குமரன் தன் தண்ணீர் அளவு நோட்டைக் காட்டினான். நிறை குடும்பப் படத்தைக் காட்டினாள். திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுத வைக்கப்போகிறோம் என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார். பிறகு தறிக்கூடத்தை எட்டிப் பார்த்தார். தறி மேல் துணி போர்த்தியிருந்தது. நிறையிடம் குனிந்து, "நீ தறியில உக்காருவியாமா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "இன்னிக்கு இல்ல" என்றாள்.

அவர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. போகும்போது லோகேஷைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசினார். லோகேஷ் தலையாட்டிக்கொண்டே நின்றார். அந்த அம்மா போனதும் என்னிடம், "நல்ல வேளை, அமாவாசையா போச்சி" என்றார்.

அமாவாசை அன்று நம் தெருவில் எந்தத் தறியும் ஓடாது. வியாழனோ சனியோ வந்திருந்தால், அந்த நேரத்தில் என் பதினோரு வயது மகள் தறியில்தான் இருந்திருப்பாள். ஒரு மணி நேரம் என்று தொடங்கியது நாலு மணி நேரம் ஆகியிருக்கிறது. நீ கேட்டாய், நான் தென்னேரி ஏரியைப் பற்றி எழுதினேன். எனக்கு அந்த நேரம் தேவைப்பட்டது அக்கா. சமச்சீர்மை பற்றி உனக்கு எழுதியது உண்மை. அது முதல் வாரத்துக்கு மட்டும்தான் உண்மை. அவளுடைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது பக்கம்தான் எழுதியிருக்கிறாள்.

யார் தகவல் சொன்னது என்று சங்கீதா அம்மாவிடம் கேட்டேன். "என்கூடப் பயிற்சி முடிச்ச ஒரு டீச்சர்" என்று மட்டும் சொன்னார். தெருக்காரர்கள் இல்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளையைப் பிடித்துக்கொடுக்க நினைத்திருந்தால் மாதத்தில் மற்ற இருபத்தொன்பது நாள் இருந்தது. தறி ஓடாத ஒரே நாளில் ஆள் அனுப்பத் தெரிந்தவள், நெசவு வீட்டில் பிறந்தவளாகத்தான் இருக்க வேண்டும்.

யார் அக்கா அது?

சங்கரி


கோத்தகிரி
3.1.2026

சங்கரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ பயந்து போயிருப்பாய் என்று பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்தான்.

நிறை எண்ணியதில் தப்பில்லை, அவளிடம் சொல். பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பாவிடம் கரை போட்டுக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, படுக்கையிலேயே இருந்தார். "இந்த ஒரு சேல மட்டும்மா" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். ஒவ்வொரு சேலைக்கும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு வருஷம் ஆயிற்று. வலது கையால் நாடா தள்ளுவேன், இடது காலால் தூளியை ஆட்டுவேன். எனக்கும் அது பிடித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். வளையல் வாங்கித் தந்தார். நிறை வளையல் என்று எழுதியதைப் படித்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை.

என்னைத் திரும்பச் சேர்த்தது ரேவதி டீச்சர். இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். அப்பா தறியிலிருந்து நிமிராமலே "பாக்கலாம்மா, பாக்கலாம்மா" என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது முறை அமாவாசை அன்று வந்தார். தறி சும்மா இருந்தால்தான் மனுஷன் காது கேட்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ. அன்று அப்பா எதிரில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டார். அடுத்த திங்கள் நான் பள்ளியில் இருந்தேன்.

அதனால்தான் சங்கீதாவிடம் நாளைச் சொன்னேன். எதையும் எழுதாதே, பேசிவிட்டு மட்டும் வா என்றேன். போனில் உன்னிடமே சொல்லியிருக்கலாம். மூன்றாவது நிமிஷம் நாம் சண்டை போட்டிருப்போம். ஆனாலும் உனக்குத் தெரியாமல் செய்தது தப்புத்தான். உனக்குக் கோபம் இருந்தால் எழுது, படிக்கிறேன்.

நீ பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதில் எனக்கிருந்த சந்தேகம் குமரனின் தண்ணீர் நோட்டைப் பற்றிச் சங்கீதா சொன்னதும் பாதி போய்விட்டது. மீதி உன் வேலைச் சுமை. தமிழையும் சமூக அறிவியலையும் எனக்குக் கொடு. வாராவாரம் தபாலில் பாடம் அனுப்புகிறேன், அவர்கள் எழுதி அனுப்பட்டும், நான் திருத்துகிறேன். சிவப்பு மையில் அல்ல, பச்சையில்.

அக்கா,
மஹாலட்சுமி


பிள்ளையார்பாளையம்
19.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் முட்டிக்கு ஒரு உறை வாங்கிப் பொங்கல் கரும்போடு பார்சல் அனுப்பியிருக்கிறேன். கரும்பை ராமலிங்கம் அத்தானுக்குக் கொடு, உன் பல்லுக்கு வேண்டாம்.

கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. பாத்திரங்களிடம் காட்டினேன். லோகேஷிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அண்ணி நேரா என்னாண்டயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"தறில இருந்திருந்தா, பாக்கலாம்னு சொல்லியிருப்பேன்."

கோர்வைச் சேலையை நிறுத்திவிட்டார். தனி ஆளாக நெய்யக்கூடிய ஒரே நிறச் சேலைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றியிருக்கிறார். வருமானம் குறையும். ஐயம்பேட்டையிலிருந்து பாலாஜி என்று ஒருவர் மாசி பிறந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார், நாற்பது வயது, இரண்டு பிள்ளைக்கு அப்பா. வந்தால் மீண்டும் கோர்வை. வராவிட்டாலும் நிறை தறியில் இல்லை.

உன் இரண்டு பாடங்களையும் எடுத்துக்கொள். அமாவாசைக்குத் தறிக்கு ஓய்வு, எனக்கும் ஓய்வு என்று புது அட்டவணையில் எழுதிவிட்டேன். அன்று பாடம், சமையல் இரண்டும் லோகேஷ் பொறுப்பு. நேற்று தை அமாவாசை, முதல் நாள். படையல் முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தார். குமரன் கேள்வி டப்பாவில் "அப்பா எப்போ கத்தாம சொல்லித் தருவாரு?" என்று போட்டிருக்கிறான். நான் உள்ளறையில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். எழுந்து போகவில்லை. போகாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

நிறையிடம் உன் இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொன்னேன். படத்தை எடுத்து வந்து தரையில் விரித்தாள். பச்சை வரிசையில் 1982, 83 இரண்டும் காலி. விரலை அதிலிருந்து நேர் கீழே இறக்கினாள். என் மஞ்சள் வரிசை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

"அம்மா, நீ பொறந்த வருஷம்" என்றாள்.

தூளியை ஆட்டியதாக எழுதியிருந்தாய். தூளியில் இருந்தது யார் என்று நீ எழுதவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக எழுதவில்லை.

ஏப்ரல் வாக்கு அப்படியே இருக்கிறது. முடியாவிட்டால் பள்ளிக்கு அனுப்புவேன். முடியுமா என்று தெரிந்துகொள்ள இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது. கணக்கு நோட்டில் இன்று நாற்பத்தோராம் பக்கம்.

உன் தங்கை,
சங்கரி

பெரியம்மா, என் வரிசையிலயும் செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் காலியா விட்டிருக்கேன். உங்க ரெண்டு கட்டத்துல என்ன எழுதறதுன்னு அம்மாவைக் கேட்டேன், அவங்க எழுந்து உள்ள போயிட்டாங்க. மே மாசம் லீவுக்கு வரும்போது நீங்களே எழுதுங்க. பச்சைப் பேனா பத்திரமா வச்சிருக்கேன். தூளி ஆட்டினதையும் எழுதணும், அதுக்குக் கட்டம் கொஞ்சம் பெருசாவே போட்டிருக்கேன்.